வலது பக்கத்து எறும்புகள்

வியாழக்கிழமை காலையில் கணவருக்கு உடம்பு துடைத்துவிடும்போதுதான் மெட்டில்டா அதைப் பார்த்தாள். வலது கையின் உள்பக்கம், முழங்கையிலிருந்து அக்குள் வரை, சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். அக்குள் மடிப்பில் நாலைந்து எறும்புகள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. சின்னச் சிவப்பு எறும்புகள், கடித்தால் அரைமணி நேரம் எரியும் ஜாதி.

சுந்தர்சிங் முகத்தில் வலியே இல்லை. பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலது கை, கால் இரண்டிலும் அசைவும் போய்விட்டது, உணர்ச்சியும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. எப்படியோ ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிட்டிருந்தது.

"அப்புறம்," என்றார் இப்போதும், அவள் முகத்தைப் பார்த்து.

"ஆமா, அப்புறம்தான். பேசாம படுங்க," என்று அவள் எறும்புகளைத் தட்டிவிட்டாள்.

சாப்பிடுகிறீர்களா என்றால் அப்புறம். வலிக்கிறதா என்றால் அப்புறம். எவ்வளவு புரிகிறது என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு வாரம் அவளும் எதையெதையோ கேட்டுப்பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேள்வி இல்லாமலேயே ஊட்டினாள், திருப்பிப் படுக்க வைத்தாள், டிவி போட்டாள், அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமையோடு அவள் லீவு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள காந்திமதி என்றொரு பெண்மணியை ஏற்பாடு செய்திருந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். கடிப்பதுகூடத் தெரியாத உடம்பை எறும்புக்கும் சேர்த்து எப்படி விட்டுவிட்டுப் போவது?

அன்று பகல் முழுக்க அவள் உட்காரவில்லை. ஹாலைப் பெருக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் இரண்டு முறை துடைத்தாள். எறும்பு சாக்பீஸால் கட்டிலைச் சுற்றி மூன்று கோடு போட்டாள். சுவரோரமெல்லாம் மஞ்சள்தூள். வெளியே சேலையூர் தெருக்களில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பி வந்திருக்கும், வெயில் அடித்தால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் அவர் கழுத்தில் மூன்று.

வெள்ளிக்கிழமை நான்கு பிளாஸ்டிக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, கட்டிலின் ஒவ்வொரு காலையும் தூக்கி அதற்குள் வைத்தாள். அவரோடு சேர்த்துக் கட்டிலை முட்டுக்கொடுத்துத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. போர்வை தரையில் படாமல் மடக்கிச் செருகினாள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்தாள். இனி எந்த வழியும் இல்லை.

மூன்று மணிக்கு வலது தொடையில் ஏழெட்டு.

"எங்கேருந்துதான் வருது?" என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்புறம்," என்றார் அவர். இடது கையைத் தூக்கி ஆட்டினார். டிவி கேட்கிறார் என்று நினைத்துப் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை முனிரத்தினம் வந்தார். கேம்ப் ரோடு பக்கம் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்கிறவர். டார்ச் அடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்.

"செவுத்துக்குள்ள குடும்பமே நடத்திகினு கீதுக்கா. ஸ்ப்ரே அடிச்சா நாலு மணி நேரம் யாரும் உள்ள இருக்கக்கூடாது. சாரை எங்கனா மாத்த முடியுமா?"

"ரெண்டு பேர் வேணும் தூக்க. மழை வேற."

"அப்ப ஸ்ப்ரே வேணாம். ஜெல் வெச்சுத் தர்றேன்." ஊசி போன்ற ஒரு குழாயிலிருந்து ஜன்னல் சட்டத்திலும் கதவிடுக்கிலும் பொட்டுப் பொட்டாக வைத்தார். "துன்னுட்டுப் போய் கூட்டுல குடுக்கும். போற வழில வெச்சாதான் வேலை செய்யும். எந்த வழின்னு பாத்துகினே இருங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் உட்காருவாள், எழுந்து கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள், மறுபடி உட்காருவாள். நாளைக்கு இந்த நேரம் தான் இங்கே இருக்கமாட்டோம் என்று நினைத்ததும் மறுபடி எழுந்துவிடுவாள்.

"அப்புறம்," என்று அவர் தொடங்கினார். இடது கை ஆடியது. "அப்புறம். அப்புறம்."

ஆராதனையை டிவியில் போட்டு, ரிமோட்டை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தட்டிவிட்டார். தரையில் விழுந்து பேட்டரி உருண்டோடியது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" அவள் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. "நாலு நாளா ஒரு நிமிஷம் உட்காரல நான். உங்களுக்காகத்தானே அலையறேன்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரலை மெத்தையின் ஓரத்தில் வைத்து, மெதுவாக, சின்னச் சின்னதாக அசைத்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு பக்கமாக நகர்த்தினார். கை எட்டிய வரை போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து. ஊர்வது போல.

மெட்டில்டா அந்த விரலையே பார்த்தாள். விரல் நின்றதும் கை உயர்ந்து சுவரைக் காட்டியது. டிவியை அல்ல. அதற்குக் கீழே, சுவிட்ச் போர்டை.

படுக்கைப்புண் வராமலிருக்க அவருக்குக் காற்று மெத்தை போட்டிருந்தார்கள். அதற்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார் கால்மாட்டுக் கம்பியில் தொங்கியது. போர்டிலிருந்து மோட்டாருக்கு ஒரு வெள்ளை வயர், தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொய்ந்து வந்தது. அந்த வயர்மேல் ஒற்றை வரிசையாக அவை வந்துகொண்டிருந்தன. தண்ணீர்க் கிண்ணங்களுக்கு மேலே, சாக்பீஸ் கோடுகளுக்கு மேலே, ஒரு அவசரமும் இல்லாமல்.

அவள் டிராயரைத் திறந்து அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். போர்டை நோக்கிப் போனவளின் சேலைத் தலைப்பு பின்னால் இழுபட்டது. சுந்தர்சிங் இடது கையால் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கண் வாசல் பக்கம் போனது. மெயின் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. முப்பது வருஷம் ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்.

"மெயின ஆஃப் பண்ணணுமா?"

அவர் தலைப்பை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார்.

ஸ்க்ரூடிரைவரை அவள் கீழே வைத்துவிட்டாள். முனிரத்தினத்துக்குப் போன் போட்டாள். அரைமணி நேரத்தில் வந்து, மெயினை அணைத்துப் போர்டைக் கழற்றினார். பின்னால் ஈரம் இறங்கிய பள்ளத்தில் அரிசிக் குருணையைக் கொட்டியது போல முட்டைகள், அவற்றை மூடி மொய்க்கிற சிவப்பு.

"நேத்து இதை நான் பாக்கவேயில்லக்கா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நான் இல்ல. சார்."

முனிரத்தினம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "கரெக்டா புடிச்சீங்க சார்," என்று அவரிடமே சொன்னார்.

எல்லாவற்றையும் வழித்தெடுத்து, ஓட்டையை அடைத்து, ஜெல் வைத்துவிட்டு அவர் போன பிறகு மெட்டில்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கணவரின் இடது கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆமான்னா ஒரு தடவை அழுத்துங்க. இல்லன்னா ரெண்டு தடவை. வியாழக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

ஒரு அழுத்தம்.

"ஏறி வர்றத பாத்துட்டேவா படுத்திருந்தீங்க?"

ஒன்று.

அவளால் அங்கே உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். கை ஓயவில்லை. இரண்டு மாதமாக வேறு எதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரோ. திரும்பி வந்து கேட்கத் தொடங்கினாள். ரவைக் கஞ்சி பிடிக்கவில்லையா? ஒன்று. ஃபேன் வேகமா? இரண்டு. டிவி? இரண்டு முறை, அழுத்தமாக. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியாகத்தான் அதைக் கேட்டாள்.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகட்டுமா?"

விரல்கள் நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஒரு முறை அழுத்தின. தயங்கினாரா, களைத்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை இரண்டாம் முறை கேட்கத் துணிவும் இல்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு காந்திமதி வந்தாள். மாத்திரை, சாப்பாடு, திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் எல்லாம் சொல்லிவிட்டு மெட்டில்டா அவள் கையைப் பிடித்து அவர் இடது கையில் வைத்தாள்.

"ஒரு தடவை அழுத்தினா ஆமா. ரெண்டு தடவைன்னா இல்ல. எதுவானாலும் கேட்டுட்டுச் செய்யுங்க. இவருக்கு எல்லாம் புரியும்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே போனாள். முதல் இரண்டு பீரியடும் போர்டில் எழுதிய கணக்கில் தப்பு விட்டாள். முன்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து திருத்தினாள். இடைவேளை மணி அடித்ததும் வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

"எப்படி இருக்கார்? எறும்பு எதுவும்?"

"மேல ஒண்ணும் இல்லம்மா, நல்லாப் பாத்துட்டேன்," என்றாள் காந்திமதி. "பால்ல சர்க்கரை போடவான்னு கேட்டேன். ஒரு தடவை அமுக்கினார். உங்களக் கேக்காம எப்படிப் போடறதுன்னுதான் வெச்சிருக்கேன்."

மெட்டில்டா தூணில் சாய்ந்துகொண்டாள். நாலு நாளில் முதல் முறையாக இடுப்பு வலிப்பது தெரிந்தது.

"அவருக்கு சுகர் எல்லாம் இல்ல," என்றாள். "ரெண்டு ஸ்பூனே போடுங்க."