கீழ்மூலைக் கட்டம்

ஸ்வான்சி நகரில் சமையலறை அலமாரிகள் பொருத்தும் தொழில் செய்துவந்த கெதின் ப்ராசர், ஒன்பது வயது மகள் எலெரி இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், தாமே அவளுக்குப் பாடம் சொல்லித்தர விடுப்பு எடுத்துக்கொண்டார். எலெரிக்கு வாய்ப்பேச்சு இல்லை. அவள் கண்ணால் பேசுபவள். எதிரிலுள்ள திரையில் படக் கட்டங்கள் தெரியும். எந்தக் கட்டத்தில் அவள் பார்வை சற்றே தங்குகிறதோ, அதற்குரிய சொல்லைக் கருவி உரக்கச் சொல்லும்.

பள்ளி அனுப்பிய பாடப் பையில் அந்த வாரம் ஒரு முட்டை ஓடும் பஞ்சும் கீரை விதையும் இருந்தன. ஓட்டின் மேல் முகம் வரைந்து, உள்ளே ஈரப் பஞ்சு வைத்து விதை தூவி, தினமும் தண்ணீர் ஊற்றிவந்தால், கீரை தலைமுடிபோல் முளைக்குமாம். வெள்ளிக்கிழமை காணொளி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் முட்டைக்கு இட்ட பெயரைச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் எலெரி தன் வகுப்பாரிடம் பேசவிருப்பது அதுவே முதல் முறை. அத்தனை பேர் முன்னிலையில் மகள் வாயடைத்துப் போனவளாய் உட்கார்ந்துவிடக் கூடாதே என்பதே கெதினின் கவலை.

ஆகவே ஓட்டில் முகம் வரைந்து விதை தூவிய கையோடு, கருவிக்கும் மிகுந்த அக்கறையோடு தாமே ஒரு பக்கம் தயாரித்தார். டிராகன், இளவரசர், கேப்டன், பூசணி என்று நான்கு பெயர்கள். திரையை நிறைக்கும் நான்கு பெரிய படங்கள்.

“உன் முட்டைக்கு என்ன பேரு, கண்ணு?”

“பூசணி,” என்றது கருவி.

கெதின் மகிழ்ந்துபோனார். எலெரியோ முகத்தைச் சுளித்து முனகினாள். மறுபடி கேட்டார். மறுபடியும் பூசணி, மறுபடியும் முனகல். படங்களை இடம் மாற்றிவைத்தார். இப்போது பூசணி இருந்த இடத்தில் கேப்டன் வந்திருந்தார். கருவியும் “கேப்டன்” என்றது. எலெரி தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கோபமாய்க் கத்தினாள்.

வெயில் பட்டால் கருவிக்குக் கண் தெரியாது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டார். திரையைத் தாங்கும் கம்பத்தை ஏற்றினார், இறக்கினார். திரையில் நகரும் புள்ளியை அவள் கண்ணால் தொடரச் செய்து, கருவிக்கு அவள் கண்ணைப் புதிதாய்ப் பழக்கினார். பயனில்லை.

வேலையிலிருந்து திரும்பிய மனைவி லோவ்ரி கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“என்னப்பா இது, வீட்டையே இருட்டாக்கி வச்சிருக்க? அவகிட்ட பேரு கேக்குறியா, பேய் ஓட்டுறியா?”

“நாளைக்கு வகுப்பு, லோவ்ரி. இவ எதைக் கேட்டாலும் கீழ் மூலையையே பாக்குறா.”

“கீழ் மூலையா? மிஸ் ரோட்ரிக்குப் போன் போடு. நீயா எதையாவது செஞ்சு குழப்பாத.”

வகுப்பாசிரியை மிஸ் ரோட்ரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மிஸ்டர் ப்ராசர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. ‘இதுல இல்ல’ன்னு ஒரு கட்டம் இருக்குமே, அத எங்க வச்சிருக்கீங்க?”

“அதுவா? எடுத்துட்டேன், மிஸ். படம் பெருசா இருந்தா பாக்க சுலபமா இருக்கும்னு…”

“பள்ளிக்கூடத்துல நாங்க செய்யுற பக்கம் எல்லாத்துலயும் அது வலது கீழ் மூலையிலதான் இருக்கும். அவ அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா, பாவம். நீங்க குடுத்த பேரு எதுவுமே அவளுக்குப் பிடிக்கல.”

கெதின் போனை வைத்தார். பிறகு படங்களைச் சுருக்கி, அந்தக் கட்டத்தை அதன் இடத்திலேயே வைத்துக் கொடுத்தார். எலெரியின் பார்வை நேரே அங்கே போயிற்று.

“இதுல இல்ல.”

கட்டம் திறந்து அவளுடைய சொந்தச் சொற்பக்கங்களுக்கு வழிவிட்டது. அவள் மனிதர்கள் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரு படத்தில் பார்வை நின்றது.

“அப்பா.”

சொல்லிவிட்டு முட்டையைப் பார்த்தாள். விதை இன்னும் முளைக்கவில்லை. ஓடு பளபளவென்று மொட்டையாய் இருந்தது. அடுத்து கெதினின் தலையைப் பார்த்தாள். பிறகு உடம்பு முழுவதும் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள்.

லோவ்ரி சுவரைப் பிடித்துக்கொண்டார். “அய்யோ, என்னால முடியல. காதுகூட உன்னுது மாதிரியே வரைஞ்சிருக்கியே.”

“சிரிங்க, சிரிங்க,” என்றார் கெதின், தலையைத் தடவியபடி. அவருக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் காணொளியில் எலெரியின் முறை வந்தது. அவள் கண்கள் பக்கங்களினூடே நிதானமாய் நடந்தன. கெதின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லோவ்ரி அவர் முழங்கையைக் கிள்ளினார்.

“அப்பா,” என்றது கருவி.

கெதின் முட்டையைத் தம் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். திரைக்குள் வகுப்பே வெடித்துச் சிரித்தது. மிஸ் ரோட்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரொம்பப் பிரமாதம், எலெரி. சரி, அடுத்தது ஐவன்,” என்றார்.

“பொறு,” என்றது எலெரியின் கருவி.

எல்லோரும் திரும்பினார்கள்.

“அப்பா. தலை. தண்ணி. ஊத்து.”

“ஊத்துங்க, மிஸ்டர் ப்ராசர்!” என்று ஐவன் தன் முறையையே மறந்து கூவினான்.

கெதின் மகள் முன்னால் பணிவோடு குனிந்தார். லோவ்ரி குவளையைச் சாய்த்தார். தண்ணீர் அவர் காதோரம் வழிந்துகொண்டிருக்கையிலேயே எலெரியின் பார்வை திரைக்குத் திரும்பி, அடுத்த சொல்லைத் தேடத் தொடங்கியிருந்தது. ஐவன் காத்திருந்தான்.