மஞ்சள் இல்லாத தவளை

ஓடில் ஃப்ரூஷே வீட்டு அடுப்படி ஜன்னலின் கொசுவலையில் நீல நிற மரத்தவளை ஒன்று வந்து ஒட்டிக்கொண்ட அன்று, அவள் உடைத்த நான்கு முட்டைகளிலும் மஞ்சள் கரு வெள்ளையாக இருந்தது. லூயிசியானாவின் சதுப்பு நிலத்தில் அது ஏப்ரல் மாதம். மழைநீர் மூன்று வாரமாக வாசற்படி வரை நின்றது. வியாழக்கிழமைக்குள் சோள ரொட்டி சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்தது. சனிக்கிழமை பக்கத்து வீட்டுத் தெயோவின் எலுமிச்சைகள் வெளுத்தன. ஓடில் இவை எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பார்த்ததெல்லாம் கணவன் நார்பெரின் கண்களைத்தான். ஈரல் கெட்டு, இறால் கூண்டு தூக்கத் தெம்பில்லாமல் ஐந்து மாதமாகக் கட்டிலில் கிடந்த அவன், உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துப் போயிருந்தான். கோடை தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அவன் விழியோரத்தில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

அதன்பின் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். இது என்ன தவளை, என்ன தின்னும், எத்தனை நாள் இருக்கும்? விஷம் என்றான் தெயோ. கியூபாவிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். பொறுக்கமாட்டாமல் வனவிலங்குத் துறைக்குப் போன் செய்தாள். வைத்த மறுகணமே, தவளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று ஜன்னலுக்கு ஓடினாள்.

மிரெய் என்ற அதிகாரி மஞ்சள் மழைக்கோட்டோடு வந்தாள். கையை நனைத்துக்கொண்டு தவளையை எடுத்தாள். விரல் நுனி வட்டுகளையும் தாடையிலிருந்து விலா வரை ஓடிய வெள்ளைக் கோட்டையும் பார்த்தாள். அது மாட்டு மணிபோல் கத்தும்வரை காத்திருந்தாள்.

"சாதாரணப் பச்சை மரத்தவளைதாங்க. நீலமும் மஞ்சளும் சேர்ந்தாதான் அந்தப் பச்சை தெரியும். இதுக்குப் பிறவியிலேயே மஞ்சள் இல்ல."

"அதான் ஊர் மஞ்சளையெல்லாம் வாங்கிக்குதா?"

"தவளைக்கு அதெல்லாம் தெரியாதுங்க," என்ற மிரெய் தன் மழைக்கோட்டைப் பார்த்தாள். அது வெளுத்திருந்தது. அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்தாள். "இந்த நிறத்தோட வெளிய இருந்தா பாம்பு விடாது. பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்கும்."

ஓடில் கதவை மறித்தாள். "இதைப் பெட்டியில வைக்கிறதும் என் புருஷனைப் பெட்டியில வைக்கிறதும் ஒண்ணுதான்."

அந்நேரம் தெயோ தண்ணீரில் சளப்சளப்பென்று நடந்து வந்தான். "ரோட்டு நடுவுல மஞ்சக் கோடு வெளுத்துக் கண்ணுக்கே தெரியல ஓடில். நேத்து ஒரு லாரி நேரா என் மேலயே வந்துச்சு. ஸ்கூல் பஸ்ஸும் வெள்ளையா நிக்குது, புள்ளைங்க ஏற மாட்டேங்குது. அனுப்பித் தொலை அந்தத் தவளைய!"

சத்தம் கேட்டு நார்பெர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"அடப்பாவி, எந்திரிச்சுட்டியா?" என்றான் தெயோ.

"பசிக்குதுடா. கத்துறதை விட்டுட்டு ஏதாவது கொண்டா."

தெயோ அவன் கண்களை வெகுநேரம் பார்த்தான். பிறகு மிரெய்யிடம், "அம்மா, அந்தக் காலிப் பெட்டிய வண்டியிலயே வச்சிரு," என்றான்.

ரோட்டு நடுக்கோட்டைத் தெயோவே புதிதாக வெள்ளையில் அடித்தான். வகை: பச்சை மரத்தவளை, நிறம்: நீலம், இருப்பிடம்: அடுப்படி ஜன்னல் என்று மிரெய் பதிவு செய்தாள். செப்டம்பரில் நார்பெர் படகை எடுத்தான். அவன் கரை திரும்பும்போதெல்லாம் ஓடில் ஓடிப்போய் அவன் முகத்தை வெயில் பக்கம் திருப்பி இமையை விலக்கிப் பார்த்தாள்; அந்தப் பதற்றம் அவளை விட்டுப் போகவேயில்லை. அத்தனை மஞ்சளையும் வாங்கிக்கொண்டும் தவளை நீலமாகவேதான் இருந்தது. அந்தத் தெருவில் சூரியகாந்தி இப்போதும் வெள்ளையாகத்தான் பூக்கிறது. புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒரு வாரம் காரணம் கேட்கிறார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.