பின்னாடி அறுத்த மீன்

குழம்பு கொதித்து எண்ணெய் மேலே பிரிந்து வந்த நேரத்தில்தான் வெங்கடலட்சுமி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கடையில ஆரு பூஜி நிறுத்துக் குடுத்தாங்க? பஷீர் பாய் இருந்தாரா?"

மகள் பூஜிதா அப்பளம் பொரிக்க வாணலியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஸ்கூட்டியில் போய் மீன் வாங்கி வந்தவள் அவள்தான்.

"பாய் போன மாசத்தோட ரிட்டையர் ஆயிட்டாரும்மா. இப்ப சின்னத்தாயின்னு ஒரு அக்கா நிக்கறாங்க. நல்லா சிரிச்சுப் பேசறாங்க."

"எந்தச் சின்னத்தாயி?"

"இத்தன நாளா கடைக்குப் பின்னாடி ஷெட்டுல ஒக்காந்து மீன் அறுத்துட்டிருந்தாங்களாம். வளவுல இருந்து வர்றாங்க."

நகருக்குக் கீழ்ப்புறம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடிசைகளுக்கு ஊர் வைத்த பேர் வளவு. அங்கிருந்து வருகிறவள் என்று சொல்லிவிட்டால், என்ன சாதி என்று கோயமுத்தூரில் யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். வெங்கடலட்சுமியும் கேட்கவில்லை. கைத்துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கினாள், பின்பக்கக் கதவைக் காலால் தள்ளினாள், கொதிக்கக் கொதிக்கக் குழம்பைச் சாக்கடையில் கொட்டினாள். நல்ல கட்லா மீன், துண்டு துண்டாகச் சாக்கடையில் மிதந்து போயிற்று.

"அம்மா! போன வாரம் வரைக்கும் தின்னதும் அவங்க அறுத்ததுதான?"

"பின்னாடி ஆரு அறுத்தா நமக்கென்ன தெரியும்? கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்ல. தெரிஞ்சே அவ கையில வாங்கிட்டு வந்து என்ற அடுப்புல ஏத்துவியா? அவங்காத்தா நம்ம தோட்டத்துல சாணி அள்ளுனவ!"

அந்த வீட்டில் உள்ளே பேசுவது தெலுங்கு, தெருவில் பேசுவது தமிழ். சாதிப் பேச்சு எடுத்தால் மட்டும் வீட்டுக்குள்ளும் தமிழ் வந்துவிடும். வேலைக்காரர்களுக்கும் காதில் விழவேண்டும் அல்லவா?

அவள் கணவர் பாலகோபால் மோட்டார் பம்பு பவுண்டரி நடத்துகிறவர். அதைவிட முக்கியமாக, வட்டார நுகர்வோர் மன்றத்தின் செயலாளர். ரேஷன் கடையில் எடைக்கல்லின் அடியில் ஓட்டை போட்டிருந்ததைப் பிடித்துக் கொடுத்தவர். கடலை எண்ணெயில் பாமாயில் கலந்த மளிகைக்கடைக்காரனைக் கோர்ட்டுப் படி ஏற்றியவர். மேடை கிடைத்தால் "நுகர்வோரே ராஜா" என்று தொடங்கி, "விரும்பியதை வாங்குவது உங்கள் உரிமை" என்று முடிப்பார். கைதட்டு விழும். அந்த ஞாயிற்றுக்கிழமை ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே அந்த உரிமையை யார்மேல் காட்டுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

சின்னத்தாயி அந்தக் கூட்டுறவு மீன் கடைக்கு வந்து எட்டு வருஷம். ஆழியாறு அணையில் பிடித்த மீன் ஆனைமலை வழியாக வேனில் வந்து இறங்கும். முன்னால் பஷீர் தராசு பிடிப்பார். பின்னால் தகரக் கொட்டகையில் இவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து செதில் உரித்து, செவுள் பிடுங்கி, துண்டு போட்டுப் பையில் கட்டி ஜன்னல் வழியாக நீட்டுவாள். வாங்க வருகிறவர்களுக்கு அவள் கை மட்டும் தெரியும். மருதாணி வைத்தால் அது தெரியும். அந்தக் கை யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை.

பஷீர் ஓய்வு பெறும்போது அவர்தான் சங்கத்தில் போய்ச் சொன்னார். எட்டாவது படித்திருக்கிறாள், கணக்குத் தெரியும், அவளையே போடுங்கள் என்று. டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள், கொண்டுவந்தாள். ஒரு வெள்ளைக் கோட்டும் ஆர்டரும் கொடுத்தார்கள். நிரந்தர வேலை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் நாள் தராசின் முன்னால் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்க அவளுக்கு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

பாலகோபால் புகார் எழுதிப் போட்ட பத்து நாளில் சுகாதார ஆய்வாளர் வந்தார். பின்னாலேயே அவரும் வந்தார்.

ஆய்வாளர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ஐஸ் பெட்டியைத் திறந்தார். தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்தார். சின்னத்தாயியின் நகத்தைக் காட்டச் சொன்னார், சர்டிபிகேட்டை வாங்கிப் படித்தார். கடைசியில் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

"எல்லாஞ் செரியா இருக்குதுங்க சார். சுகாதாரக் குறைவுன்னு புகார் குடுத்திருக்கீங்க. என்ன கொறைவுன்னு சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

"அது உங்களுக்கே தெரியுமுங்களே" என்றார் பாலகோபால், சின்னத்தாயியைப் பார்க்காமலே.

"எனக்குத் தெரியறத எழுத முடியாதுங்க. சட்டத்துல எடமில்ல."

"அப்ப நுகர்வோருக்கு விருப்பமில்லைன்னு எழுதுங்க. ஆரு கையில வாங்கறதுங்கறது எங்க உரிமை. காசு எங்குளுது, வாய் எங்குளுது."

"ஏனுங்க சார், என்ற கையில என்ன குத்தமுங்க?" சின்னத்தாயி கேட்டாள். "எட்டு வருசமா இந்தக் கை அறுத்ததத்தானுங்க உங்கூட்ல கொழம்பு வெச்சாங்க?"

"உங்கிட்ட ஆரும் பேசல. வாய மூடு."

ஆய்வாளர் 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சட்டம் ஜெயித்தது. கடை தோற்றது.

அடுத்த வாரமே கூட்டம் நின்றுபோயிற்று. பெண்கள் வருவார்கள், ஐஸின் மேல் கிடக்கும் மீனை ஆசையாகப் பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து அவளைப் பார்ப்பார்கள். "பஷீர் பாய் வல்லீங்களா? செரி, இன்னிக்கு வேண்டாம்." ஒரு நாள் பஷீரே கடையைப் பார்க்க வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் தலையைக் கண்டதும் தெருவே திரண்டு வந்தது.

"நான் சும்மா வந்திருக்கனுங்க. நிறுக்கறது அவங்கதான்" என்றார் அவர்.

வந்த கூட்டம் வந்த வழியே கலைந்தது. ஒரு பாய் கையால் வாங்கித் தின்கிற தங்கள் பெருந்தன்மையைப் பற்றி மேடையில் பேசக்கூடியவர்கள் அவர்கள். பஷீர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னால உனக்குக் கெட்ட பேரு அம்மணி" என்றார். "உங்களால இல்லீங்க பாய்" என்றாள் சின்னத்தாயி. அவள் குரலில் அன்றைக்குக் கோபம்தான் இருந்தது, அழுகை இல்லை.

கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் நல்லவர். நல்லவர்கள்தான் இந்த மாதிரி வேலைக்கு அனுப்பப்படுகிறார்கள். பக்குவமாகச் சொன்னார். "நீ பழையபடி பின்னாடியே ஒக்காந்துக்க கண்ணு. சம்பளத்துல கை வெக்கமாட்டோம். முன்னாடி வேற ஆளப் போட்டுக்கறோம். அனுசரிச்சுப் போகோணுமல்ல?"

"முன்னாடி நிக்கறதுக்குத்தானுங்க ஆர்டர் குடுத்தீங்க? நான் நிக்கறனுங்க."

நின்றாள். மீன் ஐஸிலேயே கிடந்து கண் வெளுத்தது. தீபாவளிக்கு முன்னால் கடையை மூடினார்கள். அவள் சாதிக்காக மூடவில்லை. விற்பனை இல்லை, நட்டம், அதனால் மூடினார்கள். நட்டம் என்ற சொல்லுக்குச் சாதி கிடையாது பாருங்கள், எந்தக் கோர்ட்டிலும் செல்லும்.

மூடிய கடைக்கு எதிரிலேயே சென்னியப்பன் என்பவன் கண்ணாடிக் கதவு போட்டுப் புது மீன் கடை திறந்தான். 'சுத்தம்! சுகாதாரம்!' என்று வாசலில் பெயிண்டில் எழுதினான். அதே ஆழியாற்று மீன், அதே வேன். விலை மட்டும் அதிகம். ஆனால் அவன் ஆள் அறுத்தால் மீன் கூழாகிப்போயிற்று, பித்தப்பை உடைந்து குழம்பு கசந்தது. வளவுக்கே வந்து சின்னத்தாயியைக் கூப்பிட்டான்.

"அறுக்கறதுக்கு உன்னய உட்டா ஆளில்ல. ஆனா ஒண்ணு, நடுவால திரை தொங்க உட்டிருக்கறேன். திரைக்கு இந்தப் பக்கம் நீ தலை காட்டப்படாது. காலைல ஆள் வாரதுக்கு முன்னாடி வந்துரோணும், கடை அடைச்ச பொறவுதான் போகோணும்."

ரெண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஒப்புக்கொண்டாள். முன்னால் நிற்பேன் என்று சொன்ன வாயாலேயே சரி என்று சொன்னது அவளுக்கு எத்தனையோ நாள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பசித்த வயிற்றை வைத்துக்கொண்டு மானத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறவர்கள் முதலில் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

தெருவுக்குப் பழையபடி மீன் வாசம் திரும்பியது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். இந்தத் தெருவுக்கு ஒரு நீலத் திரையே போதுமானதாக இருந்தது.

தை மாதத்தில் பூஜிதாவுக்கு ஈரோட்டில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. மஞ்சள் மண்டிக்காரர்கள், பெரிய இடம். நிச்சயம் முடிந்ததும் சம்பந்திகளைக் கூப்பிட்டுக் கறி விருந்து வைக்கவேண்டும். விருந்து நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடலட்சுமி தானே காரில் வந்து சென்னியப்பன் கடையில் இறங்கினாள். திரைக்குப் பின்னாலிருந்து வந்த பையைப் பிரித்துப் பார்த்தாள். ஒரே அளவாக, ஓரம் சிதையாமல் இருந்தன துண்டுகள்.

"எதுத்தாப்புல இருந்த கடையில இப்படியா குடுத்தாங்க? காசு கூடப் போனாலும் சுத்தம்னா சுத்தம்தானுங்க. ஏனுங்க சென்னியப்பன், அறுக்கறது ஆருங்க?"

"அது... நம்ம ஆளுதானுங்க."

"அடுத்த ஞாயித்துக்கெழம சொந்தக்காரங்களுக்கெல்லாம் விருந்து. அவரயே ஊட்டுக்கு அனுப்புங்க. இன்னிக்கே வந்து எவ்வளவு மீன் வேணும்னு ஒரு வார்த்த பேசிட்டுப் போகட்டும்."

"அனுப்பறனுங்க அம்மணி" என்றான் சென்னியப்பன். வேறு எவனையாவது அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான்.

திரைக்குப் பின்னால் அரிவாள்மணையில் சின்னத்தாயியின் கை நின்றுவிட்டது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் கடை அடைத்தார்கள். அவள் வீட்டுக்குப் போய்க் குளித்தாள். பெட்டியின் அடியிலிருந்து, சங்கத்துக்காரர்கள் திருப்பிக் கேட்க மறந்துபோன வெள்ளைக் கோட்டை எடுத்துப் புடவையின் மேல் போட்டுக்கொண்டாள். நாளைக்குச் சென்னியப்பன் கடையில் தனக்கு வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. போனாள்.

பாலகோபால் வீட்டுக் கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. சம்பந்தியம்மா விரலைச் சப்பிக்கொண்டே மீனைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். முன்வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி நேராக நடந்து வந்து கூடத்து நிலைப்படியில் நின்றாள்.

"அம்மணி, மீன் அறுக்கறவங்கள வரச் சொன்னீங்களாமா. வந்திருக்கறனுங்க."

வெங்கடலட்சுமியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. போ என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று சம்பந்தி கேட்பாள். ஏன் என்று சொன்னால் இலையில் இருப்பது யார் கை அறுத்தது என்பதும் வெளியே வரும்.

"இந்தப் புள்ளதானா?" சம்பந்தியம்மா முகம் மலர்ந்தது. "உள்ள வா கண்ணு, வெயில்ல நிக்காத. இப்பத்தான் உன்னயப் பத்திப் பேசிட்டிருந்தோம். என்ன அழகா துண்டு போட்டிருக்கற! எந்த ஊரு நீ? ஆரு ஊடு?"

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வியை யாரும் ஊர்ப் பெயர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. வெங்கடலட்சுமி சின்னத்தாயியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஏதாவது ஒரு பொய் சொல்லடி என்று அது கேட்டது. சின்னத்தாயி அதை நன்றாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"இந்த ஊருதானுங்க. வாய்க்காலுக்கு அக்கட்ட, வளவு. எங்காத்தா இவங்க தோட்டத்துலதானுங்க சாணி அள்ளிட்டிருந்துச்சு."

சம்பந்தியம்மாவின் கை இலையின் மேல் அந்தரத்தில் நின்றது. இந்த முறை கொண்டுபோய்க் கொட்டுவதற்குச் சட்டியில் குழம்பு இல்லை. எல்லாம் எல்லார் வயிற்றிலும் போயிருந்தது. பூஜிதா மட்டும் குனிந்த தலை நிமிராமல் தட்டில் கிடந்த கடைசி வறுவல் துண்டை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரட்டுமுங்க அம்மணி? இந்த வாசல்லயே வாரனுங்க" என்றாள் சின்னத்தாயி.

பாலகோபாலின் வாய்க்குள் ஒரு துண்டு மீன் இருந்தது. எதிரே சம்பந்திகள், வாசலில் அவள். துப்புவதா விழுங்குவதா என்பது முழுக்க முழுக்க நுகர்வோர் விருப்பம்.

விழுங்கினார்.