மதில் பக்கம் திருப்பிய சில்லு

அக்கரைப்பற்றிலிருந்து கார் வாங்கப் பார்க்க வந்தவன் வாசல் கடப்படியில் நின்று ஸலாம் சொன்னபோது, பின்வளவில் உயிர் பிரிந்த ஸைனுலாப்தீனின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் அவருடைய மூத்த சகோதரி ஹுஸ்னியா ராத்தா, அவர் மனைவி லைலாவுக்கு வெள்ளைச் சீலையைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் சீலையின் இடுக்கால் லைலா வந்தவனைப் பார்த்தாள். பார்க்கக் கூடாதுதான். கணவன் மௌத்தான பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா தொடங்கிவிட்டது, இனி நாலு மாதமும் பத்து நாளும் அவள் இந்த வீட்டை விட்டு அசைவதில்லை. ஆனால் வந்தவன் பார்த்தது அவளையா? காரை.

பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. றிஸ்மி என்று பெயர். மூன்று நாளைக்கு முன்பே மகன் பர்ஸானோடு போனில் கதைத்து, இன்று பத்து மணிக்கு வருவதாக ஒழுங்கு. விடிகாலை சுபஹு நேரத்தில் வாப்பா மௌத்தானதை கார் பார்க்க வருகிறவனுக்கும் அறிவிக்க வேண்டும் என்று யாருக்கு நினைவு வரும்? கூட்டத்தைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது. சேட்டுப் பையில் கிடந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜனாஸாத் தொழுகையில் நின்றுவிட்டுத்தான் போவேன் என்றான். நல்ல மனிதன். அதனால் லைலாவுக்கு அவன்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

கார், ஒரு பழைய டேவூ. நாலு கதவு, சாம்பல் நிறம். அந்தப் பெயரில் இப்போது உலகத்தில் எங்கேயும் கார் வருவதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் ஸைனுலாப்தீன் அதைக் கண்டியில் ஒருவரிடம் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த அன்று, கம்பனியே மௌத்தான காரை அடக்கம் பண்ணவா கொண்டு வந்தீங்க என்று கல்முனைக்குடியே கிண்டலடித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கந்தோரில் முப்பது வருடம் கோப்புக் கட்டிய மனிதருக்குக் கைக்கெட்டிய கார் அதுதான்.

பிறகு சீனி வியாதி அவருடைய கண்ணைக் கெடுத்தது, அதற்குப் பிறகு கிட்னியை. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய், மெசினில் இரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். லைலா நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகினாள். பழகி, லைசனும் எடுத்தாள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. சுகமில்லாத புருசனைக் கொண்டு போகிறவளை என்ன சொல்ல?

அவரை மெசினில் படுக்க வைத்தால் நாலு மணித்தியாலம். முதல் இரண்டு மாதம் அவள் ஆஸ்பத்திரி வாசலில் வாங்குப் பலகையில் குந்தியிருந்தாள். ஒரு நாள் மெல்லக் காரை எடுத்து நிந்தவூர் மட்டும் போய் வந்தாள். அடுத்த கிழமை ஒலுவில். கடற்கரையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் ஓரிடத்தில் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. அன்று வீடு வரும் வழியில் ஸைனுலாப்தீன் காலால் காரின் தரையைத் தடவினார். மணல் நெருநெருத்தது.

"இண்டைக்கு எவடம் மட்டும் போன?"

பொய் சொல்ல நா எழவில்லை. ஒலுவில் என்றாள்.

"கடல் எப்படிக் கிடக்கு?" என்று கேட்டார் மனிதன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் கேட்பார், அவள் சொல்வாள். தோணி இழுத்தது, வயலில் மெசின் வெட்டியது, திருக்கோவில் பக்கம் மழை இருட்டியது, எல்லாம். பார்வை போன கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டே வருவார். மூன்று வருடம் இப்படிப் போனது. கலியாணம் முடித்து முப்பது வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு கதைத்ததில்லை.

பர்ஸான் கட்டாரிலிருந்து லீவில் வந்ததும் காரை விற்க பேஸ்புக்கில் போட்டுவிட்டான். உதிரிச் சாமான் கிடைக்காத காரை வைத்துக்கொண்டு எதற்கு, வாப்பாவுக்கு ஓட்டோ பேசிவிடலாம் என்பது அவன் நியாயம். ஸைனுலாப்தீன் சத்தம் போடவில்லை. "நான் கண்ணை மூடுமட்டும் அது நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். வந்து பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று பர்ஸான் சமாளித்தான். கணவன் தனக்காகப் போட்ட வேலி அது என்று லைலாவுக்கு விளங்கியது. இன்று விடிய அவரே அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் மூச்சு அடங்கியதும் லைலாவுக்கு முதலில் வந்த நினைவு கார். அழுகை இரண்டாவதாகத்தான் வந்தது. இனி ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் அவளுக்குக் கடப்பைத் தாண்ட என்ன காரணம் இருக்கிறது? கார் முற்றத்தில் நின்றாலாவது ஒரு நாள் ஒரு காரணம் கிடைக்கும். அதுவும் போனால் இந்த வீடும் சமையலறையும்தான் மௌத்து வரைக்கும். கணவனின் தலைமாட்டில் இருந்து இப்படி நினைத்ததற்கு அவள் வெட்கப்பட்டாள். அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டாள். நினைவு போகவில்லை.

மையித்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி பள்ளியிலிருந்து வந்த பிறகுதான் வில்லங்கம் வெளியே தெரிந்தது. கல்முனைக்குடி வளவு எவ்வளவு ஒடுக்கம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடப்பிலிருந்து விறாந்தை வரை இரண்டு பக்கமும் மதில், நடுவில் கார். போகிறவர் வருகிறவர் உடம்பைச் சரித்துத்தான் நுழைவார்கள். வெறும் சந்தூக்கை இரண்டு பேர் காருக்கு மேலால் சரித்துக் கொண்டு வந்துவிட்டார்கள். மையித்தோடு அப்படிச் சரிக்க முடியுமா?

பர்ஸான் காரின் திறப்புச் சாவியோடு போனான். திறப்பு திரும்பவில்லை.

அது லைலாவைத் தவிர யாருக்கும் திரும்பாது. ஓடி ஓடித் திறப்பும் தேய்ந்து, அது நுழைகிற குழியும் தேய்ந்துவிட்டது. மாற்றுவதற்குக் கொழும்பு வரை தேடியும் சாமான் இல்லை. திறப்பை ஒரு மயிரிழை வெளியே இழுத்து, இடக் கையால் ஸ்டியரிங்கை மெல்ல இழுத்துப் பிடித்து, இரண்டையும் ஒரே நேரம் அசைக்க வேண்டும். நேற்று அந்தியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கடப்புக்குள் நுழையும்போதே அவர் குடலைப் பிரட்டிச் சத்தி எடுத்துவிட்டார். அந்தப் பதற்றத்தில் காரைக் கோணலாக விட்டு, திறப்பைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியிருந்தாள். முன்சக்கரச் சில்லு மதில் பக்கம் திரும்பியபடி ஸ்டியரிங் பூட்டுப்பட்டுவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். கார் மதிலை உரசியதே தவிர வெளியே போகவில்லை.

றிஸ்மியும் குனிந்து பார்த்தான். பலவந்தம் பண்ண வேண்டாம், திறப்பு முறிந்தால் மற்றது இல்லை என்றான். பிறகு பர்ஸானை ஓரமாக அழைத்து, மெதுவாகச் சொன்னான். ஜன்னலுக்கு நேர் கீழே நின்றதால் லைலாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"கோவிக்காதீங்க தம்பி. ஓடாத காரை எனக்கு எடுக்கேலாது."

லைலா கணக்குப் போட்டாள். வாயைத் திறக்காவிட்டால் போதும். இவன் தொழுதுவிட்டுப் போய்விடுவான். இந்தக் காரைத் தேடி இன்னொருவன் வரப்போவதில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. அறை நிறையப் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவளும் கூட ஓதினாள், ஆனால் காது முழுக்க வெளியே இருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. யாரோ ஒருவர் யோசனை சொன்னார். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். சந்தூக்கை மதிலுக்கு மேலால் தூக்கி அடுத்த வளவுக்குள் இறக்கி, அந்த வீட்டுக் கடப்பால் கொண்டு போகலாம். நல்ல யோசனைதான் என்று மற்றவர்களும் சொன்னார்கள். கயிறு தேடத் தொடங்கினார்கள்.

கயிறு என்றதும் லைலாவுக்குத் தாங்கவில்லை. நெல்மூட்டையா அவர்? சொந்த வீட்டுக் கடப்பு இருக்க மதிலால் ஏற்றி இறக்குவதா? அதுவும் தன் வாய் மூடியிருப்பதால்.

அவள் ஹுஸ்னியாவிடம் திறப்பின் சூட்சுமத்தைச் சொன்னாள். ஹுஸ்னியா கதவடியில் போய் பர்ஸானிடம் சொன்னாள். அவன் இழுத்தான், அசைத்தான், வேர்த்துக் கொட்டினான். சொல்லிக் கொடுத்தால் வருகிற வேலையா அது? மூன்று வருடத்தில் விரலுக்குப் பழகியது. லைலா எழும்பினாள்.

"எங்க புள்ள போற? ஆம்புளயள் நிக்காங்க" என்று ஹுஸ்னியா கையைப் பிடித்தாள்.

"அவர எங்க கொண்டு போறெண்டாலும் நான்தானே கொண்டு போன, மதினி."

வெள்ளைச் சீலை முகத்தை மறைக்க, அவள் விறாந்தையால் இறங்கினாள். முற்றத்தில் நின்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மதிலோடு ஒட்டி வழி விட்டார்கள். காருக்குள் ஏறி, திறப்பை மயிரிழை இழுத்து, இடக் கையை ஸ்டியரிங்கில் வைத்தாள். டக்கென்று திரும்பியது. எஞ்சின் ஒரே தரத்தில் பிடித்தது. பின்னுக்கு எடுத்து, ஒரு மதிலிலும் முட்டாமல், தெருவில் கொண்டு போய் நிறுத்தினாள்.

கலிமாச் சத்தத்தோடு சந்தூக்கு கடப்பைத் தாண்டியது, நேராக, தோளில். இந்த ஊரில் பெண்கள் கடப்போடு நின்றுவிடுவார்கள். அதற்கு அங்கால் அவர்கள் கண்டதில்லை. லைலா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடியால், சந்தி திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

தெரு வெறுமையாகிவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே திரும்பினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். வெள்ளைச் சீலையோடு எங்கே போவாள்? போனாலும், யாரிடம் வந்து சொல்வாள்? காரை உள்ளே விட்டாள். மதிலடிக்கு வந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சில்லை மதில் பக்கம் திருப்பி, திறப்பைப் பிடுங்கி, பூட்டு விழும் மட்டும் ஸ்டியரிங்கை ஆட்டினாள். தற்செயல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பியபோது றிஸ்மியும் பர்ஸானோடு வந்தான். அவன் முகம் மாறியிருந்தது. தன்னிடம் இதே கார் நீல நிறத்தில் நிற்கிறது, இப்படி ஒரு எஞ்சின் சத்தம் அதில் கேட்டுப் பல வருடம் என்று அவன் சொல்வது ஜன்னலால் வந்தது. எடுக்கிறேன் என்றான். திறப்பு மறுபடியும் திரும்பவில்லை. பர்ஸான் உள்ளே வந்து, கதவுச் சீலைக்கு வெளியே நின்றான்.

"உம்மா, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணித் தாங்க. நான் திங்கக்கிழமை கட்டாருக்குப் போறன். இண்டைக்கே குடுத்துட்டாச் சோலி முடிஞ்சி."

ஹுஸ்னியாவும் ஒத்து ஊதினாள். ஒருக்கால் வெளியே போனவள்தானே, இன்னொருக்கால் போனால் என்ன குறைந்துவிடும் என்றாள். சற்று முன் கையைப் பிடித்து இழுத்தவள் இவள்தான். லைலா முக்காட்டைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"நான் இத்தாவில இரிக்கன் மகன். வெளிய வரக்கூடா."

"இப்ப வந்தீங்கதானே?"

"அது வாப்பாக்கு."

மார்க்கத்தைச் சொன்ன பிறகு அவன் என்ன கதைப்பான்? அவள் மேலும் ஒரு சொல்லை எண்ணிச் சொன்னாள். "நாலு மாசம் பத்து நாள் கழியட்டும்."

பர்ஸான் போய் வெளியே சொன்னான். றிஸ்மி கோபப்படவில்லை. உம்மாவைக் கரைச்சல் படுத்த வேண்டாம் என்றான். அவன் சொன்ன அடுத்த வார்த்தையும் ஜன்னலால் உள்ளே வந்தது.

"எனக்கு அவசரமில்ல. இந்தக் காருக்கு வேற ஆர் வரப்போறா? நாலு மாசம் கழிச்சி வாறன்."

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அயலிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. சஹன் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கி, சீலையை இழுத்துச் செருகி, பெண்கள் ஒவ்வொருவராகக் காருக்கும் மதிலுக்கும் நடுவால் பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். லைலா ஜன்னல் சீலையை விலக்கவில்லை. கார்க் கதவில் உடுப்பு உரசுகிற சத்தத்தைக் கேட்டு, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.