எதிர்வீட்டு ஹெட்டி

பொய் சொன்னது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு யாரும் இந்தக் கதையைக் கேட்க வேண்டாம்.

1965ஆம் வருஷம். தென்காசியில் எங்கள் தெருவிலேயே பதினோராம் வகுப்புக்குப் போன ஒரே பெண் நான், மெஹர் பானு. வாப்பா இல்லை, மௌத்தாகிவிட்டார். அண்ணன் பீர் மைதீனுக்குச் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை. வீட்டுக்கு ஆண் துணை என்றால் உம்மாவின் தம்பி கிதிர் முகம்மது மாமாதான். அவருக்குக் கைலி வியாபாரம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கத் தெரியாத மனிதர். அவர் மகள் ஜைனபை அண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள்.

நான் பத்தாவது பாஸானபோது மாமா ஒரு சொல் சொன்னார்.

"படிக்கட்டும். ஆனா படம் கிடம்னு ஒரு பேச்சு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், அன்னையோட பள்ளிக்கூடம் நின்னுரும். பாத்துக்க."

பள்ளிக்கூடம் நின்றால் எனக்கு என்ன மிச்சம்? காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு படி இறங்கினால் சாயங்காலம் நாலரை மணி வரைக்கும் நான் ஒரு மனுஷி. மற்ற நேரமெல்லாம் அடுப்படி, கூடம், கிணற்றடி, மறுபடியும் அடுப்படி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டால் டீச்சர் ட்ரெய்னிங் போகலாம் என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். அதை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் பாதி ஆண்கள் சபரில் இருந்தார்கள், மலேயாவிலும் சிங்கப்பூரிலும். அவர்கள் கடிதங்களை வாசிக்கப் பெண்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அவரவர் கடிதத்தை அவரவர் மட்டும் கேட்கிற வழக்கமே கிடையாது. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் எட்டுப் பத்துப் பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லார் புருஷன் கடிதத்தையும் எல்லாரும் கேட்பார்கள். அதில் என்ன பெரிதாக இருக்கும்? நலம், நலமறிய ஆவல், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா. வாசித்து வாசித்து எனக்கே கொட்டாவி வரும்.

அண்ணன் கடிதம் அப்படியில்லை. முதல் பக்கம் உம்மாவுக்கு, இரண்டாம் பக்கம் முழுக்க எனக்கு. சிங்கப்பூரில் டெலிவிஷன் வந்துவிட்டதாம். சமூக மன்றத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். புதன்கிழமை சாயங்காலமானால் அதில் ஓர் அமெரிக்கக் குடும்பம் வரும். புருஷன் வால்டர், பெண்சாதி ஹெட்டி. அவனுக்குத் தெரியாமல் ஹெட்டி ஒரு தொப்பிக் கடையில் வேலைக்குச் சேருகிறாள். தொப்பி வாங்க அவனே வந்து நிற்கிறான். அவள் ஒரு பெரிய தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, புருஷன் தலைக்கே அளவெடுக்கிறாள்! வாராவாரம் அதே வீடு, அதே சோபா, ஆனால் கூத்து மட்டும் புதிது. இப்படி ஒன்றை உலகத்தில் இதற்குமுன் யாரும் எடுத்ததில்லை என்று கடை முதலாளி மகன் சொன்னானாம்.

எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பாடப் புத்தகத்தைத் திறந்தால் ஹெட்டிதான் நின்றாள். சோபா எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதினேன். அண்ணன் படமே போட்டு அனுப்பினான். அதில் மூன்று சுவர்தான் இருந்தது. "நாலாவது சுவர் கிடையாதுட்டி. அந்தப் பக்கம்தான் நாங்க உக்காந்து பாக்கோம். சனங்க சிரிக்கிற சத்தமும் அங்கனதான் கேக்கு. ஆளைத்தான் காணோம்" என்று கீழே எழுதியிருந்தான்.

நாலாவது சுவர் இல்லாத வீடு! நான் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? என்னால் முடியவில்லை. ஆனால் படம் என்று வாயைத் திறந்தால் மாமா காதுக்குப் போய்விடும். அதனால் கூடத்தில் இருந்த பெண்களிடம் இப்படிச் சொன்னேன்: அண்ணன் தங்கியிருக்கிற அறைக்கு எதிர்வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் அவர்கள் கூத்தெல்லாம் தெரியும்.

"அல்லாவே, புருசங்காரன் கண்டுபிடிச்சானா?" என்று ஜாஹிரா பீவி மார்பில் கை வைத்தாள். அவள் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். நான் உம்மாவின் துப்பட்டியைத் தலையில் சுற்றித் தொப்பியாக்கி, ஹெட்டியாகவே நடித்துக் காட்டினேன். அதிலிருந்து அண்ணன் கடிதம் வந்தது என்று தெரிந்தால் அசருக்கு முன்னாலேயே கூட்டம் கூடிவிடும். நிச்சயமான பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறக்கூடாது என்பதால் ஜைனப் வரமாட்டாள். மாமிக்குக் கடையும் வீடுமாக நேரமே இருக்காது. அதனால் அவர்கள் இருவருக்கும் ஹெட்டி யாரென்றே தெரியாது.

ஆடி பிறந்து சாரல் இறங்கியதும் மாமா வண்டி பிடித்து எங்களைக் குற்றாலத்துக்கு அனுப்பினார். உம்மா, மாமி, ஜைனப், நான், கூட ஜாஹிரா பீவி. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அருவிக்குள் நின்றால் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்கே கேட்கும். ஜாஹிரா பீவி கத்தினாள்.

"மதினி! ஒங்க மருமவன் கொடுத்து வச்சவன்! ஜன்னலத் தெறந்தா ஹெட்டிதான்! அவ ஆடுத ஆட்டமென்ன, புருசன ஏமாத்துத ஏமாத்தென்ன! புதன்கெழம தவறாம பாத்துருதானாம்!"

மாமி தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். ஜைனப் பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சுற்றிலும் குளித்துக்கொண்டிருந்த எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

வண்டியில் திரும்பினோம். நன்னகரம் தாண்டும்போது ஜைனப் என் காதருகே குனிந்தாள்.

"ரொம்ப வெள்ளையா இருப்பாளா, மெஹரு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்தால் இதுவாகவே அமுங்கிவிடும் என்று நினைத்தேன், மடச்சி.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மாமா வந்தார். கூடத்தில் உட்காரவில்லை, நின்றார்.

"அடுத்தவன் பொண்டாட்டிய ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நிக்கவனுக்கு எம் மவள எப்படிக் குடுப்பேன்? ஊரே சிரிக்கி. இந்தச் சம்பந்தம் வேண்டாம்க்கா. இன்னைக்கே தந்தி அடிக்கேன்."

"எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்லடா" என்று உம்மா அழுதாள். வாசலில் ஜாஹிரா பீவியும் இன்னும் நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "கடுதாசி வாசிச்சது நீதான? சொல்லு. யாரு அவ?"

வாயைத் திறந்தால் என் பள்ளிக்கூடம் போகும். மூடிக்கொண்டால் அண்ணன் மானமும் ஜைனப் வாழ்க்கையும் போகும். எல்லார் மேலும் கோபம் வந்தது. அருவியில் கத்தியவள் மேல், நிற்கிற மாமா மேல், ஒன்றும் அறியாமல் வீட்டில் அழுதுகொண்டிருக்கிற ஜைனப் மேல்கூட. எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொண்டது நான்தான். அந்தப் பொய்க்கு வேறு யாரை வைவது?

"ஹெட்டின்னு ஒருத்தி இல்ல மாமா" என்றேன். "அது படம்."

பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு உதடு லேசாக இழுபட்டது. தொப்பிக் கடைக்கு வந்ததும் பொசுக்கென்று சிரித்துவிட்டார்.

"அவன் தலைக்கே அளவெடுக்காளாம்க்கா! எப்படிப்பட்ட பொம்பள!"

உம்மா அழுத கண்ணோடு சிரித்தாள். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஜாஹிரா பீவி, "அடி கள்ளி, எங்களையும்லா ஏமாத்திட்டா!" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். நடுவில் நான் நின்றேன். மாமா சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. மறந்துவிட்டார் என்றே நம்பினேன்.

மாமா கடிதங்களை மடித்து டப்பாவுக்குள் வைத்தார். "ஜைனபு ரெண்டு நாளா சாப்பிடல. போய்ச் சொல்லணும்" என்று செருப்பை மாட்டினார். மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"அக்கா, திங்கக்கெழமலேருந்து புள்ள பள்ளிக்கூடம் போவேண்டாம்."

"மாமா! நீங்களும்தான சிரிச்சீங்க!"

"சிரிச்சேன்தான்." அவர் குரலில் கோபமே இல்லை. "சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான்ம்மா."

நான் இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். கணக்கு டீச்சர் வீடு தேடி வந்து பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

மறு வருஷம் கல்யாணம் நடந்தது. ஜைனப் நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் போனாள். அவள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிய முதல் கடிதம் வந்ததும் கூடம் நிறைந்துவிட்டது. வாசிக்க நான்தான். வீட்டிலேயேதானே இருக்கிறேன்?

"புதன்கிழமை அந்தப் பெட்டியைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது" என்று இருந்தது.

நான் அந்த வரிகளை வாசிக்கவில்லை. கடிதத்தை மடித்தேன்.

"ஹெட்டியப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்று ஜாஹிரா பீவி கேட்டாள். "எப்படி இருக்காளாம்?"

"நல்லா இருக்காளாம்" என்றேன். "வீட்ட விட்டு எங்கயும் போகலியாம்."