இல்லாத முட்டி வலி

உலகத்தைத் தன் காலால் அளந்தவனுக்கு வீடு என்பது ஒரு முகவரி மட்டுமே. அவன் வேர்கள் காற்றில் இருக்கின்றன. பயணத்திலிருந்து திரும்பிய வாரம் அவன் இப்படி எழுதினான். எழுதும்போது சொந்தக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். அம்மா உறை மாற்றிக் கொடுத்த தலையணை தாடைக்குக் கீழே இருந்தது. பக்கத்து அறையிலிருந்து அவள், காபி ஆறுது என்று இரண்டாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் அவன் பெயர் ‘திசையிலி’. அதற்கு முன்பு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர். தண்ணீர் ஒழுகுது, ஐஸ் பிடிக்கல என்று ஊரார் திட்டுவதை நாள் முழுக்க ஃபோனில் வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். ஒருநாள் அதை உதறினான். ஆளுக்கொரு முதுகுப் பையோடு மனைவியும் தானும் இரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றப்போவதாக அறிவித்தான். மனைவியிடமும் அதற்கு முந்தின நாள் சொல்லியிருந்தான்.

அவள் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளைக்கும் விசில் இல்லாமலே அவள் குரல் கேட்கும். குதிக்கும் பெட்டியில் ஏறுகிற பெண்களில் எவள் தடுமாறப் போகிறாள் என்று ஓடி வருவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பிள்ளை விழுவதற்கு முன் கை அங்கே போயிருக்கும். இரண்டு வருடம் சம்பளமில்லாத விடுப்பு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். அவளுடைய இடத்தில் ஒரு சின்னப் பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டார்கள்.

போனவர்கள் பத்தாம் மாதமே திரும்பி வந்தார்கள். காரணத்தை அவன் ஒரு வீடியோவில் சொன்னான். பின்னால் மலை, மேலே மாலை வெயில், நடுவில் தாடியோடு அவன். “சில சமயம் மலை நம்மைத் திருப்பி அனுப்பும். என் மனைவியின் முட்டி இனி ஏறாது. சிகரமா, அவள் கையா என்று கேட்டது வாழ்க்கை. நான் கையைத் தேர்ந்தெடுத்தேன்.” அவன் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்து அழுதது அதுதான். அவன் பேசி முடிக்கும்வரை அவள் பாறைமேல் ஒற்றை முட்டி போட்டு உட்கார்ந்து ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் சரியில்லை என்று நாலு தடவை எடுத்தார்கள்.

உண்மைக் காரணம் கொஞ்சம் சின்னது. அவர்கள் தங்கியதெல்லாம் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கிற விடுதிகள். அத்தனை பேருக்கும் ஒரு கழிப்பறை. கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் அவனுக்கு வராது. அவ்வளவுதான் விஷயம். அவளும் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். வாசலில் காவல் நின்றாள். உள்ளே சத்தம் கேட்காதபடி பாட்டுப் போட்டாள். வரிசையில் நின்ற வெளிநாட்டுக்காரர்களைச் சைகை காட்டிக் கீழே அனுப்பினாள். எல்லை தாண்டத் தாண்டப் பணம் மாறியது, பாஷை மாறியது, வெளியே நிற்கிற ஆள் மாறினார். வராதது மட்டும் மாறவில்லை. ஒரு மழைநாள் காலையில் கீழ்க்கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊருக்குப் போயிடலாம், என்னால முடியல என்றான்.

அவளுக்கு ஊருக்குப் போகிற எண்ணமே இல்லை. காலையில் எழுந்து தெரியாத தெருவில் ஓடுவது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனாலும் எதுவும் சொல்லாமல் அவன் பையையும் சேர்த்துக் கட்டினாள். அப்போதுதான் அவன் கேட்டான். திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டுமே, உன் முட்டி என்று சொல்லிக்கொள்ளட்டுமா, ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஏணி கேட்டால் கொடுப்பதுபோல அவளும் கொடுத்துவிட்டாள்.

யாரும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் முட்டியைத்தான் பார்த்தாள். என் பிள்ளை எவ்வளவு ஆசையா போனான் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். சித்தப்பா ஒரு களிம்பு கொண்டுவந்தார். பெரியம்மா, அந்தக் களிம்பைத் தொடவே கூடாது என்று சொல்லி வேறொரு தைலம் கொடுத்தாள். வாசல் மணி அடித்தால் அவள் நொண்ட வேண்டியிருந்தது. வந்தவர் போனதும் நிமிர்ந்து நடந்து போய்க் கதவைச் சாத்துவாள்.

இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பள்ளிக்குப் போகிறவரை.

தலைமை ஆசிரியை அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவரும் வீடியோ பார்த்திருந்தார். பெற்றோர்களும் பார்த்திருந்தார்கள்; அவர்களில் சிலர் கேட்டும் விட்டார்கள், சொந்தப் பையைத் தூக்க முடியாத டீச்சர் எங்கள் பிள்ளை விழுந்தால் எப்படிப் பிடிப்பார் என்று. தனக்கு ஒன்றுமே இல்லை என்றாள் அவள். சொன்னதோடு நிற்காமல் அந்த அறையிலேயே பத்து முறை உட்கார்ந்து எழுந்தும் காட்டினாள். தலைமை ஆசிரியை பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“இப்படி வீம்பு பண்ணாதீங்கம்மா. வலி இல்லன்னு நீங்க சொல்றீங்க, வேலை வேணும்ங்கிறதுக்காக. வலின்னு சொன்னவர் உங்க வீட்டுக்காரர். அவர் வாயால இல்லன்னு சொன்னா எனக்குப் போதும்.”

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடுகிறது, தற்காலிகப் பெண்ணை நிரந்தரமாக்குவதா என்று அதில் முடிவு செய்வார்கள் என்பதையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவனிடம் விவரத்தைச் சொன்னாள். அவன் கண்ணை மூடி யோசித்தான். பிறகு, பிரமாதம் என்று எழுந்து உட்கார்ந்தான். தான் கற்றுக்கொடுத்த மூச்சுப் பயிற்சியால் அவள் முட்டி குணமாகிவிட்டது என்று எழுதிவிடலாம் என்றான். ‘மூச்சே மருந்து’ என்று தலைப்பு வைத்து ஒரு பத்தி எழுதியும் விட்டான். அவள் வாசித்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு, குணமாயிடுச்சுன்னா மறுபடி எப்போ கிளம்பறீங்கன்னு கேப்பாங்களே என்றாள். அவன் முகம் வெளிறியது. அந்தப் பத்தியை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் அழித்தான்.

“அப்போ முட்டி எப்பவுமே நல்லாதான் இருந்ததுன்னு சொல்லு,” என்றாள் அவள்.

“அப்புறம் ஏன் வந்தேன்னு கேப்பாங்களே?”

“வயித்துக்கு ஒத்துக்கலன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல.”

“சிகரத்த விட்டுட்டு வந்தவன்மா நான். வயிறுன்னா நல்லாவா இருக்கும்?”

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்படி அவள் நின்றால் அவனுக்குக் கொஞ்சம் பயம். கடைசியில் வாக்குக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடி சங்கத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. தலைமை ஆசிரியைதான் சிறப்பு விருந்தினர். அவர் காதுபடவே, தன் பாணியில், அழகாகச் சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் நம்பினாள். பத்து மாதம் ஒரே சோப்புப் பெட்டியைப் பங்குபோட்டவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சங்கத்துக்கு இருந்தது ஒரே கூடம். மேசைப்பந்து மேசையை மடக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாளை அறிவிக்கிற அதே குரலில், நம் காலத்தின் ஞானி என்று ‘திசை சாரை’ அறிமுகப்படுத்தினார். ஞானி எழுந்து மௌனத்தின் மேன்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பாதைகள் பற்றிப் பேசினார். சுமை குறையக் குறைய மனிதன் வளர்கிறான் என்றார். அவள் இரண்டாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு கட்டத்தில் அவன் தலைமை ஆசிரியையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், ஒரு வாய் தண்ணீர் குடித்தான். உறவுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தான். அன்பு என்பது திரும்பி வருவது என்று முடித்தான். கைதட்டல் ஓய்வதற்குள் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்ததாகச் செயலாளர், திருமதி திசையிலிக்கு ஒரு சிறு அன்பளிப்பு என்று அறிவித்தார். மின்சாரத்தில் ஓடுகிற முட்டி மசாஜ் கருவி. அவளைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துவர இரண்டு பெண்மணிகள் எழுந்து வந்தார்கள். அவள் அவர்கள் கையை விலக்கிவிட்டு, படியில் ஏறாமல் ஒரே தாவலில் மேடைக்குப் போனாள். ஒலிபெருக்கியை வாங்கினாள். அவள் குரலுக்கு அது தேவையே இல்லை.

“எனக்கு முட்டி வலி இல்ல. எப்பவும் இருந்ததில்ல. ஊருக்குப் போகலாம்னு சொன்னதும் நான் இல்ல.”

முன்வரிசையில் மாமியார் மூக்கை உறிஞ்சினாள். பக்கத்து நாற்காலிக்காரியிடம், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தழுதழுத்தாள்.

“பாருங்க, அவளா கேக்கவே இல்லையாம். வலிய வாய்விட்டுச் சொல்லாம இருந்திருக்கா. இவன்தான் பாத்துட்டுத் தாங்க முடியாம கூட்டிட்டு வந்திருக்கான். நான்தான் தெரியாம ஏதேதோ பேசிட்டேன்.”

கல்யாணமானதிலிருந்து மாமியார் அவளுக்காகக் கண்ணீர் விட்டது அதுவே முதல் தடவை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் ஒருவர், அந்தத் தாவலைப் பார்த்தீங்களா, எவ்வளவு வலிச்சிருக்கும் என்றார். தலைமை ஆசிரியை மேடையைப் பார்த்து, உட்காருங்கள் உட்காருங்கள் என்று கைகாட்டினார்.

இனி சொல்லக்கூடியவன் ஒருவன்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்; கோபமாகப் பார்க்கவில்லை. பெட்டிமேல் ஏறி நின்று குதிக்கத் தயங்குகிற பிள்ளையிடம், நான் இருக்கேன் குதி என்று சொல்கிற பார்வை. அவன் எழுந்தான். வாயைத் திறந்தான். ஒரு கணம் சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது.

“இதாங்க இவ,” என்றான். “கடைசி வரைக்கும் ஒத்துக்கவே மாட்டா.”

எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று வீட்டில் அவள் கத்தவில்லை. கருவியின் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டாள்.

“அத்தன பேர் முன்னாடி கக்கூஸ் கதைய சொல்லச் சொல்றியா?”

“என் வேலையவிட உன் கக்கூஸ் பெருசாப் போச்சு, இல்ல?”

கட்டிலை அவனுக்கே விட்டுவிட்டு, பயணத்தில் சுருட்டி எடுத்துப்போன படுக்கைப் பையைக் கூடத்தில் விரித்துக்கொண்டாள். முட்டிக்குக் கட்டிலில் ஏறி இறங்குவது சிரமம்தானே என்று மாமியார் ஒரு போர்வையும் கொண்டுவந்து கொடுத்தாள். போகும்போது அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ வாரம் போய்விட்டது. அந்தப் படுக்கைப் பை மறுபடி உள்ளே போகவில்லை. அவன் இதைப் பற்றி எதுவும் எழுதவுமில்லை.

நிர்வாகக் குழு தற்காலிகப் பெண்ணை நிரந்தரமாக்கியது. ஆனால் இப்படிப்பட்ட ஒருவரை விட்டுவிட முடியுமா என்று தலைமை ஆசிரியை அவளுக்காக வாதாடினாராம். நிற்கவே வேண்டாத ஒரு வேலையை அவளுக்கென்று உண்டாக்கினார்கள். மைதானத்தைப் பார்த்த மாதிரி ஜன்னலுள்ள ஓர் அறை, மின்விசிறி, மெத்தை வைத்த நாற்காலி, கால் நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி. வெளியே வேறு யாரோ ஊதுகிற விசில் நாள் முழுக்கக் கேட்கும்.

அவள் இப்போது அந்தப் பள்ளியின் சதுரங்கப் பயிற்சியாளர். அவளுக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது.