ஐயாவுவின் இலையும் இந்தத் தாளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு நாசி லெமாக் பொட்டலத்தில் கிடைத்தது. 1983, ஈப்போ, நாகூர் மீரான் கடை, போன செவ்வாய்க்கிழமை காலை. பொட்டலத்தைப் பிரித்தேன். தேங்காய்ப்பால் சோற்றுக்கு அடியில் பிளாஸ்டிக், அதற்கும் அடியில் போன மாதம் இதே ஞாயிறு மலரில் வந்த என் கதை. கதாநாயகியின் கண்ணீர்மேல் மிளகாய்ச் சம்பல் எண்ணெய் கசிந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எழுத்தை அதுவரை யாரும் அவ்வளவு பசியோடு பிரித்ததில்லை.

பக்கத்தில் வாழை இலைக் கட்டுகளோடு ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் ஐயாவு. அவருடைய இலை இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘சுங்காயின் வைகறைப் பனியில் வாழைகள் நாணித் தலைகுனிந்து...’ வேண்டாம். சுங்காயில் வாழை போட்டிருக்கும் ஐயாவுவுக்குப் பனி என்றால் கத்தி வழுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: ‘சந்தைத் தொடர்பின் ஒவ்வொரு கண்ணியும் குடியானவனின் நிலப் பயன்பாட்டை...’ இது கூட்டுறவுச் சங்க மலருக்கு நான் எழுதிய கட்டுரை. அதைப் பொட்டலம் கட்டக்கூட யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது: ஐயாவு பால்மரங்களை வெட்டினார்.

இது போதும். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவரும் மனைவி மங்களமும் வயிற்றைக் கட்டி வாங்கிய மூன்று ஏக்கர் அது. ரப்பர் விலை விழுந்த நேரத்தில் கடைக்கார மீரான், வாரத்துக்கு இரண்டு நடை, நடைக்கு ஐந்நூறு இலை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஐயாவு மகிழ்ச்சியில் ஒரு மரம்கூட மிச்சம் வைக்கவில்லை. மூன்று ஏக்கரும் வாழை.

3

மங்களத்தை அழவைக்கத்தான் நினைத்திருந்தேன். [மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அந்தம்மாள் பேனாவைப் பிடுங்காத குறை.] இலையை அறுத்துக்கொண்டே இருந்தால் குலை சிறுத்துப்போகும். ஈப்போவில் இலை கேட்டால் சுங்காயில் பழம் கிடையாது. மங்களத்துக்கு இது பிடிக்கவில்லை. கடைசி வரிசையில் பாம்பு இருக்கிறது என்று புருஷனிடம் சொல்லி, அங்கே ஓர் இலையைக்கூட அறுக்கவிடவில்லை.*

* பாம்பு கிடையாது. அது ஐயாவுவுக்கும் தெரியும். சுற்றிக்கொண்டுதான் போவார்.

4

மறுபடி கடைக்கு வருவோம். மீரான் கெட்டவர் இல்லை. [கெட்டவராக்கிப் பார்த்தேன். அவர் எனக்கு இன்னொரு கரண்டி சம்பல் வைத்துவிட்டார்.]

“பேக்டரிக்கு தினமும் நானூறு பொட்டலம் போவுதுண்ணே. இலை வழியிலேயே கிழியுதுலா, அதான் பேப்பருக்கு மாறிட்டேன்,” என்றார்.

“அப்ப நான் வெட்டுன பால்மரத்த யாரு பாய் திரும்ப நட்டுத் தர்றது?”

ஐயாவு சத்தம் போடவில்லை. நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். மீரானுக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“ஒரு விரிப்புப் பேப்பருக்கு நாலு பொட்டலம். உங்க இலைக்கும் நாலுதான். திங்கக்கிழமை வாங்க. எத்தன பேப்பர் கொறையுதோ, அத்தன இலை எடுத்துக்குறேன்.”

ஐயாவுவுக்கும் திங்கட்கிழமைதான் கெடு. எண்ணெய் ஆலையின் ஆள் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் கன்று தருகிறேன் என்கிறான். அன்று மாலைக்குள் சரி என்றால், மறுநாள் லாரி வரும், வாழை அத்தனையும் சாயும்.

போகும்போது ஐயாவு என் கையிலிருந்த எண்ணெய்த் தாளை எட்டிப் பார்த்துப் படித்தார். “முடிவு கிழிஞ்சிருக்கே. அந்தப் பொண்ணு என்னாச்சு?” என்று கேட்டார். எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5

முடிவு ஒன்று: செம்பனை. காய்க்க மூன்று வருஷம். அதுவரை அவர்கள் சாப்பிடுவது...

முடிவு இரண்டு: பாம்பு வரிசை பழுக்கிறது. மங்களம் சுங்காய் பஸ் நிறுத்தத்தில் வாழைப்பழம் பொரித்து, சொந்த இலையில் சுற்றிக் கொடுக்கிறார். வாங்க ஊரே அடித்துக்கொள்கிறது. நான் துள்ளிக் குதித்து, ஐயாவு வந்துபோகும் காய்கறி லாரிக்காரரிடம் பிரதியைக் கொடுத்தனுப்பினேன். மங்களம் பதில் சொல்லி அனுப்பினார்: “ஒரு வரிசப் பழம் ஒரு மாசத்துக்குத்தான் வரும். எழுதுறவருக்குக் கணக்கு வராதா?”

ஆகவே மூன்றாவது. மலர் ஆசிரியரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இந்தக் கதையை இந்த வாரமே போடவைத்தேன். இன்று ஞாயிறு. மாலையில் மீரான் கடைக்குத் தாள் போடும் பழைய பேப்பர்காரர் உங்கள் வாசலில் மணியடிப்பார். தாளை அவரிடம் கொடுத்தால் நாளைக்கு யாரோ ஒருவர் என் கதையைப் பசியோடு பிரிப்பார். அந்த ஆசை எனக்கு இன்னும் விடவில்லை, வெட்கமாக இருக்கிறது. நீங்களே வைத்துக்கொண்டால் ஐயாவுவின் இலை ஒன்று விற்கும்.

நாளைக் காலை அவர் காய்கறி லாரியில் ஐந்நூறு இலையோடு வந்து இறங்குவார். எனக்கு ஐந்நூறு வாசகர்கள் இருக்கிறார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.